காம்ப் கார்டு: கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் நல்ல போட்டோகிராபர், பிரஸ் வேண்டும்

வணக்கம். மாடலிங்கில் புதிதாக இறங்கும் தங்கைக்குக் காம்ப் கார்டு (வாய்ப்புக் கேட்கும்போது கொடுக்கும், படங்களும் உடல் அளவுகளும் உள்ள அட்டை) தயாராகிறது. அளவு 5.5 x 8.5 அங்குலம். முன்பக்கம் முகம் தெரியும் ஒரே படம், பெயர். பின்பக்கம் நான்கு படங்கள், உயரம், மார்பு, இடை, இடுப்புச் சுற்றளவு, ஷூ அளவு.

கல்யாண ஆல்பம் போட்டுப் பழகிய ஸ்டுடியோக்களில் தோலை வழவழப்பாக்கி நிறத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். நேரில் வருகிற முகம் வேறாக இருந்தால் தேர்வு செய்பவர்களுக்கு அந்தப் படத்தால் பயனே இல்லை. மாநிறத்தை மாநிறமாகவே காட்டுபவர் யார்? 85 எம்எம் லென்ஸ் வைத்திருந்தால் நல்லது. அகல லென்ஸில் நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். டிஜிட்டல்ஸ் எனப்படும், மேக்கப் இல்லாத எளிய படங்களை ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால் வீட்டிலேயே எடுத்துக்கொள்கிறோம்.

அச்சுக்கு 300 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் கார்டு. முடிவெட்டு, அளவுகள் மாறினால் கார்டு வீண் என்பதால் 25 பிரதி போதும். தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட்டில் அதற்குக் கட்டுப்படியாகாது, டிஜிட்டல் பிரஸ்தான். ஃபைல் 300 டிபிஐ, சுற்றிலும் 3 மிமீ ப்ளீட் (வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம்). திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையிலிருந்து அச்சுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது தோல் நிறம் சிவக்கலாம், மங்கலாம். அதனால் முதலில் ஒரு மாதிரிப் பிரதி அடித்துக் காட்டும் இடமாக வேண்டும். மயிலாடுதுறை, திருவாரூர் என்றாலும் வருகிறோம். தெரிந்தவர்கள் ஊரையும் உத்தேசச் செலவையும் சொல்லுங்கள்.