ஏலக்காய் விலை: அட்டவணையா, எழுதிச் சொல்வதா?

கூடலூரான்:
போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் நிலவரத்தைத் தினமும் என் தளத்தில் போடுகிறேன். எங்கள் பையன்கள் இப்போது அதையும் ஏஐயிடம்தான் கேட்கிறார்கள். அதனால் லாட் (ஒன்றாக ஏலம் விடும் சரக்கு), வந்த கிலோ, விற்ற கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாவற்றையும் அட்டவணையாக்கப் போகிறேன்.

வண்டன்மேட்டுக்காரன்:
வேண்டாம் அண்ணே. ஒரு தளத்து அட்டவணையைப் பார்த்துவிட்டு ஏஐ, அதிகபட்ச விலையை ‘போடியில் இன்றைய விலை’ என்று என் மச்சானுக்குச் சொல்லிவிட்டது. மூட்டையோடு ஜீப்பில் கம்பம்மெட்டு இறங்கிப் போனான். அந்த விலை ஒரே ஒரு லாட்டுக்கு, அதுவும் 8 எம்எம் பருமனுள்ள, பச்சை நிறம் குறையாத காய்க்கு. போன டீசல் காசு போனதுதான்.

கூடலூரான்:
அது அட்டவணையின் குற்றமா? தலைப்பில் வெறும் ‘விலை’ என்று போட்டவன் குற்றம்.

போடி ஸ்டோர்:
இன்னொன்றும் இருக்கிறது. பல ஏஐ கருவிகள் பக்கத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, கேள்விக்குப் பொருந்தும் துண்டை மட்டும் எடுக்கும். நீளமான அட்டவணையை நறுக்கினால் தலைப்பு வரி முதல் துண்டோடு நின்றுவிடும், மிச்ச எண்கள் அநாதை. சின்னச் சின்ன அட்டவணையாகப் போடுங்கள். ஊர், தேதி, ‘கிலோவுக்கு ரூபாய்’ மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். எக்செல்லைப் படம் பிடித்து ஒட்டுவதை தயவுசெய்து விடுங்கள். வாட்ஸ்அப் குரூப்புக்கு அது சரி.

வண்டன்மேட்டுக்காரன்:
சரி, விலை ஏறிய காரணத்தை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. 2018 வெள்ளத்தில் செடி போச்சு, அடுத்த கோடையில் மழையும் பொய்த்தது, காய் இல்லை. எங்களில் பாதிப் பேரிடம் விற்கக் காயே இல்லாத வருஷம் அது. வெறும் 7,000 என்று பார்த்தால் நாங்கள் பங்களா கட்டினோம் என்றுதான் நினைப்பார்கள்.

கூடலூரான்:
அதை மேலே இரண்டு வாக்கியமாக எழுதுகிறேன், தம்பி. எண்கள் மட்டும் கீழே:

புத்தடி | 2019 ஆகஸ்ட் | அதிகபட்சம் | கிலோவுக்கு 7,000 ரூபாய்

போடி ஸ்டோர்:
இது நன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் 1, 2, 3 போட்டுப் பட்டியலாக்காதீர்கள். காய் உலர்த்தும் முறைக்கு வரிசை வேண்டும். சந்தை நிலவரத்துக்கு எதற்கு?

வண்டன்மேட்டுக்காரன்:
‘அதிகபட்சம்’ பக்கத்தில் ‘ஒரு லாட் மட்டும்’ என்று சேருங்கள். சராசரியை முதல் வரியில் போடுங்கள் அண்ணே. என் மச்சான் இரண்டாவது வரிக்கு வரமாட்டான்.