பில் கேட்ஸும் மாமாவின் அரிசி மூட்டையும்

பெரியம்மா (காலை 6:41): *பலமுறை ஃபோர்வேர்ட் செய்யப்பட்டது* உலகத்து விதையெல்லாம் பில் கேட்ஸ் நோர்வேயில் பூட்டி வைத்துவிட்டாராம். இனி அவர் சொன்னதைத்தான் சாப்பிட வேண்டுமாம். எல்லாருக்கும் அனுப்புங்கள்.

நான்: பெரியம்மா, போன வருடமும் இதை நீங்கள்தான் அனுப்பினீர்கள் 😂

அக்கா: அந்த விதைப் பெட்டகம் நோர்வே அரசாங்கத்துடையது, 2008இல் திறந்தது. கேட்ஸ் அறக்கட்டளை காசு கொடுத்தது உண்மை, சாவி அவரிடம் இல்லை. விதை வைத்தவர்கள் கேட்டால்தான் பெட்டி வெளியே வரும். சிரியாவில் சண்டை வந்து அங்கிருந்த ஆராய்ச்சி நிலையம் 2015இல் தன் விதையைத் திருப்பி எடுத்ததே.

பெரியம்மா: அப்போ நல்ல மனிதனா?

அக்கா: அப்படியும் சொல்ல மாட்டேன். 1960இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர், ஃபோர்ட் அறக்கட்டளைகள் பிலிப்பைன்ஸில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கின, 1966இல் அங்கிருந்து ஐஆர் 8 என்ற புது நெல் வந்தது. குட்டைப் பயிர், கதிர் பாரத்தில் சாயாது, விளைச்சல் அள்ளிக் கொடுக்கும், ஆனால் பசளையும் தண்ணீரும் குறைந்தால் அந்த விளைச்சல் கிடையாது. ஆசியாவில் பசி குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் எதை ஆராய்வது என்பதைக் காசுக்காரர்தான் முடிவு செய்தார், வயலில் நிற்கிறவரை யார் கேட்டார்கள்? 2006இல் ஆப்பிரிக்காவுக்கும் இதே கதைதான், கேட்ஸும் ராக்ஃபெல்லரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். 2020க்குள் சிறு விவசாயிகளின் வருமானத்தை இரட்டிப்பாக்குவோம் என்றார்கள், நடக்கவில்லை. சோளத்துக்குக் கிடைத்த கவனிப்பு குரக்கனுக்குக் கிடைக்கவும் இல்லை.

நான்: பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிற சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமும் 80களில் ஃபோர்ட் உதவியோடு தொடங்கியதுதான், முதலில் திகனையில் இருந்ததாம். இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறேன்.

கிளிநொச்சி மாமா (7:20): இப்போதுதான் வயலால் வந்தேன். பிள்ளை, ஐஆர் 8க்கு முதலே, 50களின் கடைசியில், எச் 4 நெல்லை நம்முடைய அரசாங்க ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் வெளிநாட்டான் தந்தது என்று நினைப்பு 😄 நான் விதைப்பதும் பத்தலகொடை அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தின் பீஜி நெல்தான், பழைய நெல்லான மொட்டைக்கறுப்பன் வீட்டுத் தேவைக்கு அரை ஏக்கர். மற்றது, 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் திடீரென்று நிறுத்தியதே, பயிர் மஞ்சளித்து நின்றது. அதற்கு எந்த அறக்கட்டளையும் தேவைப்படவில்லை. அரசாங்கமும் எங்களைக் கேட்கவில்லை.

அக்கா: சரி மாமா, ஆனால் அந்த நவம்பரிலேயே தடையை எடுத்தார்கள், அடுத்த வருடம் சனம் அரசாங்கத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் போய் நின்றது. அறக்கட்டளைக்காரனிடம் எங்கே போய்க் கத்துவது? அமெரிக்காவிலா?

கிளிநொச்சி மாமா: அது சரிதான்.

பெரியம்மா: தம்பி, மொட்டைக்கறுப்பன் மிச்சம் இருக்கிறதா? கடையில் வாங்குவதில் அந்த வாசம் இல்லை.

கிளிநொச்சி மாமா: பத்துக் கிலோ இருக்கும் அக்கா. இன்று இரவு பஸ்ஸில் போட்டு விடுகிறேன். விடிய 5 மணிக்கு வெள்ளவத்தையில் யாராவது நிற்க வேண்டும்.

பெரியம்மா: சின்னவன் நிற்பான்.

நான்: 5 மணிக்கா 😭