12-க்கு 10 ஹால்ல பேஸ் (கனத்த அடித்தொனி) ஒரே சுருதியில கும்முது, கேலிப்ரேஷன் (அளந்து சரிபண்றது) எப்படிப் பண்றது?

காட்பாடி_வாசி:
காட்பாடியில கான்கிரீட் தளம் போட்ட வீடு. ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். தரை டைல்ஸ். ரெண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், 10 இன்ச் சப்வூஃபர் (பேஸுக்குன்னே உள்ள ஸ்பீக்கர், சுருக்கமா சப்), எல்லாத்தையும் ஓட்டுற ஏவி ரிசீவர். டிவி 10 அடி சுவர்ல, சப் அதோட மூலையில, சோபா எதிர்ச்சுவரை ஒட்டி. தவிலோ பேஸ் கிட்டாரோ, எல்லாம் ஒரே கும். வசனம் கிணத்துக்குள்ள பேசுற மாதிரி. ரிசீவர் மைக்கை வச்சு ஆட்டோ செட்டப் ரெண்டு தடவை ஓட்டியாச்சு, மாறலை.

மோடு_கணக்கு:
அறையோட அளவுதான் காரணம் சார். ஒலி நொடிக்குப் போற 1130 அடியை நீளத்தோட ரெண்டு மடங்கால வகுங்க: 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. இந்த சுருதிகள்ல அறையே சேர்ந்து அதிரும். உங்களுக்கு அகலமும் உயரமும் ஒண்ணு, அதனால ரெண்டு அதிர்வும் 56-லயே ஏறி உக்காருது. மூலையில இருக்கிற சப் மூணு திசையையும் கிளப்பும். சுவரை ஒட்டி உக்காந்தா வீக்கம் முழுசும் காதுல விழும்.

சப்பை டிவி சுவர்ல சரிபாதி, 5 அடியில வைங்க. அகல அதிர்வோட அழுத்தம் அங்க பூஜ்யம், கிளம்பாது. உயரத்தோட 56 மிச்சம் இருக்கும், ஆனா உக்காந்தா காது மூணரை அடியில, தரையில இருக்கிறதுல பாதிகூட வராது. சோபாவை 4 அடி முன்னால இழுங்க (வீட்டுல திட்டு விழுந்தா 3). 6 அடி மட்டும் வேணாம், நட்டநடுவுல 47 செத்துடும்.

ஃபேனை_நிறுத்து:
இடம் மாத்தினபிறகு மறுபடி அளக்கணும். ஃபேன், ஏசி ஆஃப், வேர்த்தாலும் பரவாயில்ல. மைக்கை சோபா முதுகுல சாய்க்காம ஸ்டாண்டுல, காது உயரத்துல. முதல் இடம் தலை இருக்கிற இடம், மத்தது அதைச் சுத்தி ஒரு அடிக்குள்ள. ஹால் முழுக்க அலைஞ்சா சராசரி கெட்டுடும்.

முடிஞ்சதும் ரிசீவர்ல ஸ்பீக்கரை ‘ஸ்மால்’, கிராஸ்ஓவர் (இதுக்குக் கீழ உள்ள சத்தம் சப்புக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ். சப்புல இருக்கிற கிராஸ்ஓவர் திருகு கடைசி வரைக்கும். ரிசீவர் சப் தூரத்தை டேப்ல அளந்ததைவிட அதிகமா காட்டினா திருத்தாதீங்க, அதுல சப்போட உள்தாமதமும் சேர்ந்திருக்கு.

கையால ஈக்யூ (சுருதிவாரியா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது) போடறதா இருந்தா, அளக்க ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம். அளந்த கோட்டுல மேட்டை மட்டும் குறைங்க. பள்ளத்தை ஏத்தினா ஆம்ப் திணறும், பள்ளம் நிரம்பாது. ரொம்பக் குறுகலான ஃபில்டரும் வேணாம். நம்ம ஊர் வெயில்ல அறை 40 டிகிரி ஆனா அந்த 56, 58-க்கு நகர்ந்துடும்.

வசனக் குழப்பம் வேற விஷயம். நடு ஹால்ல கை தட்டினா ‘டர்ர்’னு இழுக்கும், அது சுவருக்குச் சுவர் எதிரொலி. பக்கச்சுவர்ல ஒருத்தர் கண்ணாடியை நகர்த்தட்டும், சோபாவுலருந்து அதுல ஸ்பீக்கர் தெரியற இடத்துல 2-க்கு 4 அடி சட்டத்துல 2 இன்ச் ராக்வூல் (ஒலியை உறிஞ்சுற கல் கம்பளி), துணி சுத்தி, சுவர்லருந்து 2 இன்ச் தள்ளி மாட்டுங்க. தரைக்குக் கனமான ஜமுக்காளம். முட்டை அட்டை வீண்.

காட்பாடி_வாசி:
சப்பை நடுவுல வச்சாச்சு, சோபா 3 அடி. கும் போயிடுச்சு. இப்ப பேஸ் குரல் மெலிஞ்சு கேக்குது.

மோடு_கணக்கு:
80-ல சப்பும் ஸ்பீக்கரும் ஒண்ணையொண்ணு வெட்டுது. 80 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, சோபாவுல உக்காந்து, சப்போட ஃபேஸ் சுவிட்சை (அலையைத் தலைகீழாக்குறது) 0, 180 ரெண்டுலயும் வச்சுக் கேளுங்க. சத்தம் கூடுற பக்கமே சரி.