யாழ்ப்பாணத்து இரவில் நீங்கள் கேட்ட பாட்டு: அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொக்குவில்காரன்:

கொழும்பில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டுப் போன தை மாதம் ஊரோடு வந்துவிட்டேன். அங்கே வெள்ளி இரவென்றால் எங்கேயாவது ஓர் இசைக்குழு வாசிக்கும். கடைசியில் பைலா போட்டால் மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிடுவார்கள். இங்கே வந்த முதல் வெள்ளி நகரத்துக்குள் நடந்து பார்த்தேன். கஸ்தூரியார் வீதியில் கடைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பார்கள் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே குழல்விளக்கு, பிளாஸ்டிக் கதிரை, ஒருவரோடொருவர் கதைக்காமல் குடிக்கும் ஆண்கள். பாட்டு மட்டும் எங்கேயும் இல்லை.

பங்குனியில் நண்பன் ஒருவன் கள்ளுத் தவறணைக்குக் கூட்டிப் போனான். பனங்கள்ளு நன்றாக இறங்கும் காலம். பின்னேரம் ஐந்தரை இருக்கும். எல்லாருக்கும் பிளாஸ்டிக் கோப்பைதான். மூலையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் பச்சை ஓலையில் தானே மடித்த பிளாவோடு வந்திருந்தார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிறகு வெறும் கள்ளுக் கானைக் கவிழ்த்து மடியில் வைத்துத் தட்டத் தொடங்கினார். நித்தி கனகரத்தினத்தின் பழைய பொப் பாட்டு, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்லுமே, அது. சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் பாடினார். அவருடைய தம்பி குடியால் செத்தவர் என்று வரும் வழியில் நண்பன் சொன்னான்.

இந்த ஊரில் இரவுப் பாட்டு எங்கே இருக்கிறது? நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

கீபோர்ட்காரன்:

இருபது வருடமாக இசைக் கோஷ்டிகளில் வாசிக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பழைய இசைக்குழுவான கண்ணன் கோஷ்டியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். கோயில் வீதியில் மேடை போட்டால் சனம் மணலில் பாய் விரித்து, பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு விடிய விடிய இருக்கும். ஒரு சுரம் பிசகினாலும் முன் வரிசையில் ஒரு தலை நிமிரும். இப்போது மாதத்தில் சில நாள் ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் வாசிக்கிறேன். அங்கே நாங்கள் இருப்பது கரண்டிச் சத்தத்துக்குப் பின்னால்.

போன ஆவணியில் ஒரு குடும்பம் வந்தது. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் என்று உடுப்பிலேயே தெரிந்தது. எழுபதைத் தாண்டிய ஓர் ஐயா தோடம்பழச் சாற்றை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார். நாங்கள் எண்பதுகளின் பாட்டு ஒன்று வாசிக்கிறபோது அவருடைய இடது கையைப் பார்த்தேன். மேசை விளிம்பில் நாலு விரலும் அழுத்தி அழுத்தி இடம் மாறின. நான் கோர்ட் மாற்றுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அவர் விரல் அங்கே போய் நின்றது. இடைவேளையில் போய், "ஐயா கிற்றார் வாசிப்பீங்களோ?" என்று கேட்டேன். "1983 வரைக்கும் வாசிச்சனான் தம்பி. ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமோ?" என்றார். நாலு பாட்டு வாசித்தார். முதல் பாட்டில் விரல் மரத்துப்போய் இருந்தது, தந்தி கரகரத்தது. மூன்றாவதில் நான் அவருக்குப் பின்னால் ஓடவேண்டியிருந்தது. அவருடைய மகள், அப்பா வாசித்து இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறேன் என்று சொல்லி அழுதுவிட்டா.

ஹோட்டலில் வாசிப்பதை நான் குறைவாக நினைத்த ஆள். அன்றோடு அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

வடமராட்சி மகள்:

தவறணையும் பாரும் எனக்கு இல்லை, சரி. ஆனால் பாட்டும் எனக்கு இல்லையா? மச்சாளும் நானும் ஒருமுறை மாடி உணவகம் ஒன்றுக்குப் பாட்டுக் கேட்கப் போனோம். தேசிக்காய்த் தண்ணிதான் குடித்தோம். பக்கத்து மேசைகள் மேடையைப் பார்த்ததைவிட எங்களைப் பார்த்தது கூட. ஒன்பது மணிக்கே எழும்பி வந்துவிட்டோம்.

அதனால்தான் முற்றவெளி மைதானம் எனக்குப் பெரிய விஷயம். 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணன் அங்கே கட்டணம் இல்லாமல் நிகழ்ச்சி செய்தபோது, கோட்டைப் பக்கத்துக் காற்றில், அம்மாவும் சித்தியும் கூட இருக்க, யாரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சத்தமாகப் பாடினேன். 2024 பெப்ரவரியில் ஹரிஹரன் வந்த இரவு வேறு மாதிரி. தடுப்புகள் சரிந்து சனம் முன்னுக்குத் தள்ளியது, நிகழ்ச்சி இடையில் நின்றது. தங்கச்சியின் கையைப் பிடித்த பிடியில் என் நகம் அவளுடைய மணிக்கட்டில் பதிந்திருந்தது. ஒரு செருப்போடு வீட்டுக்குப் போனேன்.

அதைச் சாட்டி இனி இரவு நிகழ்ச்சியே வேண்டாம் என்று பலர் கதைத்தார்கள். எனக்கு அதுதான் கூடக் கோபம். வெளிச்சம், கழிப்பறை, நிகழ்ச்சி முடிய பருத்தித்துறைக்கு ஒரு பஸ். இவ்வளவும் இருந்தால் நாங்கள் வருவோம்.

நல்லூரடி:

புதிதாக வருகிறவர்களுக்கு: போயா என்கிற பௌர்ணமி தினத்தில் நாடு முழுக்க மதுக்கடைகள் பூட்டு. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது. எங்கள் ஊரில் கூல்பார் என்று பலகை கண்டால் உள்ளே இருப்பது ஐஸ்கிரீமும் ஜூசும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ரியோ ஐஸ்கிரீம் கடையில் கதிரை பிடிப்பது கஷ்டம். எங்கள் வீட்டுக்கு இரவு வெளிக்கிடுவது என்றால் அதுதான்.

டொரன்டோ அண்ணா:

கீபோர்ட்காரன் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்த ஐயாவை எனக்குத் தெரியாது, அந்த விரலைத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சம். பற்றரி கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். ஒரு பாட்டுக்கு ஓர் ஆள். கை தளர்ந்தால் பாட்டும் தளர்ந்து கீழே போகும், "சுத்தடா" என்று மூன்று பேர் சேர்ந்து கத்துவார்கள். நான் சுற்றிய முறைகளில் என்ன பாட்டுப் போனது என்று நினைவே இல்லை, தோள் நோவுதான் நினைவு. என் வயதுக்காரர் வேறு நாடுகளில் டான்ஸ் கிளப்புக்குப் போன காலம் அது.

போன வருடம் வந்தபோது நண்பர்கள் பாருக்குக் கூப்பிட்டார்கள். வழியில் இணுவிலில் ஒரு கோயிலில் மேளச் சமா, நாதஸ்வர தவில் கச்சேரி, நடந்துகொண்டிருந்தது. தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் ஊர் அல்லவா, சும்மா கடந்து போக மனம் வரவில்லை. நாங்கள் சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனோம். இருபது வயதுகூட இராத ஒரு தம்பி, வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழியோடு, தவிலில் தனி ஆவர்த்தனம் வாசித்தார். மூன்று எட்டுத் தூரத்தில் நின்றேன். தோலில் விழுந்த ஒவ்வோர் அடியும் என் நெஞ்செலும்பில் விழுந்தது. வாசித்து முடித்துக் கூட்டைக் கழற்றினபோது விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கி, வெகுநேரம் தண்ணீருக்குள் இருந்தவை போலக் கிடந்தன. அவருக்கு யாரோ ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் பாருக்குப் போகவில்லை. இரவு ஒன்றரைக்குத்தான் வீடு வந்தோம்.

கொக்குவில்காரன்:

எல்லாருடையதையும் வாசித்தேன். வடமராட்சி மகள் சொன்ன பஸ் விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. எனக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, எந்த நேரமும் வருவேன்.

நேற்று அந்தத் தவறணைக்குத் திரும்பப் போனேன். பனை முடிந்து இப்போது தென்னங்கள்ளு. பெரியவர் இல்லை. அவர் பனங்கள்ளு இறங்குகிற காலத்தில் மட்டும்தான் வருவார் என்றார் ஊற்றுகிறவர். அவர் தட்டுகிற கானைக் கழுவி, கூரை வளையில் தனியாகக் கொழுவி வைத்திருந்தார்கள்.