புதுப்பிப்பு: தேதி நூலகத்தில் (தேதி, நேரத்தைக் கையாள நாங்கள் எழுதும் நிரல் தொகுப்பு) வைக்கும் பெயர்கள்

ஒரு தேதியோடு ஒரு நாளைக் கூட்டும் ஃபங்ஷனுக்கு (நிரல் துண்டுக்கு) 'ஆட்டே' (addDay) என்ற பெயர் போதுமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். போதாது. கோடைகால நேரத்துக்காகச் சில நாடுகளில் கடிகாரத்தை முன்னோ பின்னோ நகர்த்தும் நாளுக்குப் பெரும்பாலும் 23 அல்லது 25 மணி நேரம். 'ஆட்டே' காலண்டரில் அடுத்த தேதிக்கு நகர்த்துமா, 24 மணி நேரத்தைக் கூட்டுமா? அதனால் 'ஆட்காலண்டர்டேஸ்' (addCalendarDays), 'ஆட்ஹவர்ஸ்' (addHours) என்று பிரித்துவிட்டோம். ஜாவா நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பில் இதே பிரிவுக்கு பீரியட் (காலண்டர் நாள் கணக்கு), டியூரேஷன் (மணி, நொடிக் கணக்கு) உண்டு. யோசனை நல்லது, ஆனால் எது எது என்று இன்றும் ஒரு நொடி தடுமாறுகிறேன்.

அப்புறம், 'கெட்டே' (getDay) என்ற பெயர் வேண்டவே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அது தருவது தேதியை அல்ல, கிழமையை! எங்களிடம் அதன் பெயர் 'டேஆஃப்வீக்' (dayOfWeek). நீளம்தான், பரவாயில்லை.

எந்த ஊர் நேரம் என்ற விவரம் (நேர மண்டலம்) இல்லாமல் தேதி, நேரத்தை மட்டும் வைத்திருக்கும் தரவு வகைக்கு 'லோக்கல்' என்று பெயர் வைப்பதா, 'ப்ளெயின்' என்று வைப்பதா என்பது மட்டும் இன்னும் இழுபறி. நான் ப்ளெயின் பக்கம். லோக்கல் என்றதும் தன் கணினியின் மண்டலம் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.