ரிகம்பன்ட் ட்ரைக்கில் வேகமே வரவில்லை, முட்டியும் வலிக்கிறது – கோளாறு வண்டியிலா, எனக்கா?

கழுத்துவலிக்காரன்:
வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக வளைந்த ஹேண்டில் வைத்த ரோடு சைக்கிள்தான் ஓட்டினேன். கழுத்து வலி, சுண்டுவிரல் பக்கம் கை மரத்துப் போவது, சீட்டில் உட்காரும் இடத்தில் வேதனை என்று எல்லாம் சேர்ந்து போதும் போதும் என்றாகி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ட்ரைக்குக்கு மாறிவிட்டேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. முன்னால் 20 அங்குலம், பின்னால் 26 அங்குலம், எடை ஏறக்குறைய 18 கிலோ. புது வண்டி இல்லை, இன்னொருவர் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்றது.

கழுத்தும் கையும் சீக்கிரமே சரியாகிவிட்டன, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சைக்கிளில் சமதரையில் மணிக்கு 25, 26 கிலோமீட்டரில் பேசிக்கொண்டே போகிற ஆள் நான். இதில் 20-ஐத் தொட்டாலே தொடை எரிகிறது. மேட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்தால் காற்று குறைவாக மோதும், வேகம் கூடும் என்று படித்துத்தான் வாங்கினேன். போதாததற்கு வலது முட்டிச் சிரட்டைக்குக் கீழே முன்பக்கம் வலிக்கிறது, ஒரு மணி நேரம் தாண்டினால் பாதம் மரத்துப் போகிறது. இதெல்லாம் பழகப் பழகப் போய்விடுமா, இல்லை வண்டியில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

நேர்ஹேண்டில்:
ட்ரைக் என்றால் மெதுவாகத்தான் போகும் நண்பரே. மூன்று சக்கரம், 18 கிலோ, இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? வேகம் வேண்டும் என்றால் சைக்கிளுக்கே திரும்பிவிடுங்கள்.

பூம்பாபு:
நேர்ஹேண்டில் சொல்வதில் பாதிதான் சரி. சாய்ந்து ஓட்டும் வண்டி மெதுவானது என்றால் 1933-ல் பிரான்சில் நடந்ததை என்ன சொல்வது? ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டிய சாதனை 1914-லிருந்து ஆஸ்கர் எக் பெயரில் இருந்தது, 44.247 கிலோமீட்டர். ஷார்ல் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஃபிரான்சிஸ் ஃபோர் 45.055 ஓட்டி அதைத் தாண்டினார். அவர் முதல் வரிசை வீரர்கூட இல்லை. மறு வருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகை வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது, இன்று வரை அப்படித்தான். முழுக்க மூடிய கூட்டுக்குள் படுத்து ஓட்டும் இரண்டு சக்கர வண்டியில் 2016-ல் நெவாடாவின் பேட்டில் மவுண்டன் சாலையில் டாட் ரைக்கர்ட் மணிக்கு 144.17 கிலோமீட்டர் தொட்டார், அதுவும் வெறும் கால் பலத்தில்.

காற்றுக்கணக்கு:
பாபு அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டுமே இரண்டு சக்கர வண்டி. கேட்டவர் வைத்திருப்பது ட்ரைக். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், கேட்டவர் படித்ததும் அப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும், அதை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் கனத்துக்கு (மூன்றாம் படிக்கு) ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு சக்தி. அதனால் சாய்ந்து உட்காருவதன் லாபம் 30-க்கு மேல் போகிறவருக்குத்தான் கொட்டும், 20-ல் போகிறவருக்குச் சில்லறைதான். ட்ரைக்கில் அந்த லாபத்தில் ஒரு பகுதியை முன்னால் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சக்கரமும், அவற்றைத் தாங்கும் குறுக்குக் குழாயும் தின்றுவிடும். சீட் எவ்வளவு சாய்வு என்பதும் முக்கியம். தரையோடு 45 டிகிரியில் நிமிர்ந்த சீட் என்றால் காற்றுக்கு நீங்கள் ஒரு சுவர்தான், 30 டிகிரிக்குப் பக்கம் போனால் கதையே வேறு.

ஆனாலும் சமதரையில் 26-லிருந்து 20-க்கு இறங்குவது அதிகம். எடையும் சக்கரமும் மட்டும் அவ்வளவு இழுக்காது. எங்கேயோ உராய்கிறது. மூன்று கேள்வி: பெடலை நிறுத்தினால் வண்டி எவ்வளவு தூரம் தானாக ஓடுகிறது? முன் டயரிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா? முன் டயரின் மேல் விரலைக் குறுக்காக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், திரும்பவும் தடவிப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா?

கழுத்துவலிக்காரன்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். சீக்கிரம் நின்றுவிடுகிறது, சைக்கிள் ஓடுகிற தூரத்தில் பாதிகூட இல்லை. தார் ரோட்டில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் இருக்கிறது, சின்ன சக்கரம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். டயர்தான் ஆச்சரியம். வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழுவழுப்பு, உள்ளேயிருந்து வெளியே தடவினால் ரம்பம் மாதிரி விரலைப் பிடிக்கிறது. இரண்டு சக்கரத்திலும் இதே கதை. இத்தனைக்கும் டயர் பழசு இல்லை.

காற்றுக்கணக்கு:
பிடித்தாயிற்று. இரண்டு முன் சக்கரமும் இணையாக ஓடவில்லை, பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகின்றன. இதற்கு டோ-இன் சரிபார்ப்பது என்று பெயர். செய்ய வேண்டியது இதுதான்.

வண்டியைச் சமதரையில் வையுங்கள். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். சீட்டில் நீங்களோ உங்கள் எடைக்குச் சமமான ஒருவரோ உட்கார வேண்டும், ஏனென்றால் எடை இறங்கினால் சில வண்டிகளில் சக்கரம் கொஞ்சம் விரியும், காலி வண்டியில் எடுக்கும் அளவு பொய்யாகிவிடும். அச்சின் உயரத்தில், ரிம்முக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள தூரத்தைச் சக்கரங்களின் முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை அளங்கள். பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் நல்லது. ரிம் லேசாகக் கோணலாக இருந்தால் அளவு ஏமாற்றும், அதனால் அளந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோடு பின்பக்கம் வரும்வரை வண்டியை உருட்டி, அதே புள்ளிகளில் அளப்பது நல்லது.

கழுத்துவலிக்காரன்:
தம்பியை உட்கார வைத்து அளந்தேன். முன்பக்கம் 7 மில்லி குறைவு! திரும்ப எடுத்தாலும் அதேதான்.

காற்றுக்கணக்கு:
7 மில்லி என்றால் ஒரு சக்கரத்துக்கு 3.5. ரிம்மின் விட்டம் 420 மில்லி அளவு இருக்கும். கணக்குப் போட்டால் நீங்கள் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒவ்வொரு முன் டயரும் 8 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. டயரில் ரம்பம் எழும்பாமல் என்ன செய்யும்! இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் முனைகளில் லாக் நட் இருக்கும், அதைத் தளர்த்தி ராடைச் சுற்றினால் நீளம் மாறும். பெரும்பாலும் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை, அதனால் ராடைக் கழற்றத் தேவையில்லை. இரண்டு ராடு உள்ள வண்டி என்றால் இரண்டையும் சம அளவு சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஹேண்டில் ஒரு பக்கம் கோணும். அரைச் சுற்று சுற்றியதும் வண்டியைச் சில அடி முன்னே உருட்டிவிட்டு மறுபடி அளங்கள். நின்ற இடத்திலேயே அளந்தால் டயர் முறுக்கிக்கொண்டு நின்று தப்பாகக் காட்டும். கடைசியில் லாக் நட்டை நன்றாக இறுக்குங்கள், அது கழன்றால் ஸ்டியரிங்கே போய்விடும்.

அப்புறம் அப்படியே வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரேக் உரசுகிறதா என்றும் பாருங்கள். டயரில் காற்று எவ்வளவு என்று பக்கவாட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். மூன்று டயர் என்பதால் ஒன்றில் காற்று இறங்கியிருந்தால் சைக்கிள் மாதிரி உடனே தெரியாது.

முட்டிமேனகா:
முட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். அண்ணா, வண்டியை முன்பு ஓட்டியவர் உங்களைவிடக் குள்ளமானவரா? சிரட்டைக்குக் கீழே முன்பக்கம் வலித்தால் பெடல் கிட்ட இருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். முட்டிக்குப் பின்னால் வலித்தால் தலைகீழ், பெடல் எட்ட இருக்கிறது. முதுகை சீட்டில் நன்றாக அழுத்திக்கொண்டு குதிகாலைப் பெடலில் வையுங்கள், பெடல் தொலைவில் இருக்கும்போது கால் நேராக வேண்டும். அப்புறம் வழக்கம்போல் முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு.

பெடல் மாட்டியிருக்கும் முன் குழாயை, அதாவது பூமை, வெளியே இழுத்தால் செயின் நீளமும் மாற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் செயினுக்கு இரண்டு சென்டிமீட்டர். ட்ரைக்கின் செயின் சாதாரண சைக்கிள் செயினைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு நீளம், நிறைய இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டுப் பார்த்து, பின்னால் கியர் மாற்றும் டிரெய்லர் முன்னுக்கு இழுபட்டு விறைத்து நின்றால் செயின் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் டிரெய்லர் பிய்ந்துபோகும்.

முட்டி போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சைக்கிளில் ஹேண்டிலைப் பிடித்து இழுக்காமல் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் உங்கள் எடை வரைக்கும்தான், அதற்கு மேல் அழுத்தினால் நீங்கள்தான் சீட்டிலிருந்து எழும்புவீர்கள். இதில் முதுகுக்குப் பின்னால் சீட் அண்டைக்கொடுக்கிறது, அதனால் உடம்பு எடையைவிட அதிகமாகவே உதைக்கலாம். மேட்டில் பெரிய கியரில் அப்படி உதைத்தால் முட்டிதான் மாட்டும். கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 80, 90 சுற்று வரும்படி மிதியுங்கள்.

பாதம் மரத்துப் போவது இந்த வண்டிகளில் சகஜம், பெடல் இடுப்பைவிட உயரத்தில் இருப்பதால் வருவது. ஷூவின் நாடாவைத் தளர்த்துங்கள், ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டைக் குதிகால் பக்கம் எவ்வளவு தள்ள முடியுமோ தள்ளுங்கள். 170 மில்லி கிராங்குக்கு (பெடலைத் தாங்கும் கைக்கு) பதில் 155 போட்டுச் சரியானவர்களும் நிறைய.

கழுத்துவலிக்காரன்:
காற்றுக்கணக்கு சார், கும்பிடு. 7-லிருந்து 1.5 மில்லிக்குக் கொண்டுவந்துவிட்டேன். முனகல் நின்றுவிட்டது. சமதரையில் அதே உழைப்புக்கு 23 வருகிறது, எதிர்காற்று அடித்த அன்று சைக்கிளில் வந்த நண்பர்தான் எனக்குப் பின்னால் ஒதுங்கினார். மேனகா சொன்ன மாதிரி பூமை இழுத்து, செயினில் இணைப்பும் சேர்த்தாயிற்று, முட்டி வலி பெருமளவு குறைந்துவிட்டது. மேட்டில் மட்டும் இன்னும் எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். அதற்கு ஏதாவது வழி?

காற்றுக்கணக்கு:
அதற்கு வழி இல்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் 75 கிலோ என்று வையுங்கள். 10 கிலோ சைக்கிளோடு 85, இந்த வண்டியோடு 93. செங்குத்தான ஏற்றத்தில் நேரம் கிட்டத்தட்ட எடைக்கு ஏற்ப கூடும், அதாவது 9 சதவீதம். அரை மணி நேர ஏற்றத்துக்கு மூன்று நிமிடம் போல அதிகம். எழுந்து நின்று மிதிக்க முடியாது என்பது தனிக் கஷ்டம், சைக்கிள்காரர் களைத்தால் எழுந்து நின்று வேறு தசைக்கு மாறுவார், நமக்கு அந்த வசதி இல்லை. தொடையும் பிட்டமும் இந்தக் கோணத்துக்குப் பழகச் சில மாதம் எடுக்கும், அதன் பிறகு இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் தேவலை என்று இருக்கும்.

பதிலுக்கு நமக்கு ஒரு வசதி உண்டு, எவ்வளவு மெதுவாக ஏறினாலும் விழ மாட்டோம். முன்னால் 22 பல், பின்னால் 36 பல், 26 அங்குலச் சக்கரம் என்றால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு 4.5 கிலோமீட்டரில் ஏறலாம். அந்த வேகத்தில் சைக்கிள் தள்ளாடும். மூச்சு வாங்கினால் பிரேக்கைப் பூட்டிவிட்டு, உட்கார்ந்தபடியே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்பலாம்.

நேர்ஹேண்டில்:
சரி, டோ-இன் விஷயம் எனக்குப் புதுசு. ஆனால் சொகுசு சொகுசு என்கிறீர்களே, மோசமான ரோட்டில் எப்படி? நான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தபோது இடுப்பு கழன்றுவிட்டது.

பூம்பாபு:
அது நியாயமான கேள்வி. சைக்கிள் போடுவது ஒரே தடம், பள்ளத்தை வளைத்து ஒதுக்கிவிடலாம். ட்ரைக் மூன்று தடம், ஒன்றைத் தப்பினால் இன்னொன்று மாட்டும். 20 அங்குலச் சக்கரம் குழிக்குள் ஆழமாக இறங்கும், பள்ளத்தில் எழும்பி வாங்கிக்கொள்ளவும் முடியாது, அடி முழுக்க முதுகுக்குத்தான். அகலமான டயர், வலைத்துணி சீட், பின்னால் சஸ்பென்ஷன் இருந்தால் பரவாயில்லை. நல்ல ரோட்டில் ட்ரைக்தான் சொகுசு, சந்தேகமே இல்லை. கரடுமுரடான மண்பாதைக்கு நான் இன்றும் சைக்கிளைத்தான் எடுப்பேன்.

புதுசு_22:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு ஒரு ட்ரைக் பார்க்கிறோம், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முன்னால் இரண்டு சக்கரமா, பின்னால் இரண்டு சக்கரமா?

முட்டிமேனகா:
உட்கார்ந்து எழுவதுதான் அம்மாவுக்கு முதல் பிரச்சினையாக இருக்கும். முன்னால் இரண்டு சக்கரம் வைத்ததில் சீட் பெரும்பாலும் தரையோடு கிடக்கும், குறுக்குக் குழாயைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும். பின்னால் இரண்டு உள்ள டெல்டாவில் நாற்காலி உயரத்தில் சீட் கிடைக்கும், சின்ன வட்டத்தில் திரும்பும். ஆனால் வளைவில் வேகமாகப் போனால் டெல்டா சீக்கிரம் கவிழும், அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நிதானமாக ஓட்டுவார் என்றால் டெல்டாவே போதும். எதுவானாலும் கண்ணாடி மாட்டுங்கள், சாய்ந்து உட்கார்ந்தால் பின்னால் திரும்பிப் பார்ப்பது கஷ்டம். பின்னால் உயரமான கொடியும் வேண்டும்.

கழுத்துவலிக்காரன்:
கடைசியாக ஒன்று. கிளீட் ஷூ போட்டால் கணுக்கால் உளைகிறது, சாதாரணச் செருப்பில் ஓட்டலாமா?

காற்றுக்கணக்கு:
கூடவே கூடாது. ட்ரைக்கில் பெடலிலிருந்து கால் நழுவித் தரையில் பட்டால் வண்டி முன்னே போய்க்கொண்டே இருக்கும், கால் குறுக்குக் குழாய்க்கு அடியில் இழுபட்டு எலும்பு முறியும். சைக்கிளில் காலை ஊன்றிய பழக்கம் இருப்பவர்கள்தான் அனிச்சையாக இதைச் செய்வார்கள். கிளீட் வேண்டாம் என்றால் குதிகாலைத் தாங்கும் பட்டையோடு வரும் பெடல் இருக்கிறது, சாதாரண ஷூவோடு அதைப் போடுங்கள். அது கைக்கு வரும்வரை கிளீட்டையே போட்டுக்கொண்டு, உளைச்சலுக்குக் கிளீட்டின் கோணத்தை ஒரு நூல் அளவு திருப்பிப் பாருங்கள்.