யு/ஏ 16+ படத்துக்கு 13 வயதுப் பிள்ளையை விடுவார்களா?

கேள்வி:
இப்போது சென்சார் சான்றிதழில் யு/ஏவோடு 7+, 13+, 16+ என்று எண்ணும் வருகிறதே, தியேட்டரில் அது கட்டாயமா? 13 வயதுப் பிள்ளையை 16+ படத்துக்கு அழைத்துப் போனால் வாசலில் நிறுத்துவார்களா? பெற்றோர் கூட இருந்தால் ‘ஏ’ படத்துக்கு விடுவார்களா?

பதில் 1:
16+ என்பதற்காக நிறுத்த முடியாது. அந்த எண் பெற்றோர் பார்த்து முடிவெடுப்பதற்கானது, பெற்றோர், காப்பாளர் தவிர வேறு யாரும் அதை அமல்படுத்த முடியாது என்று 2023 திரைப்படத் திருத்தச் சட்டத்திலேயே இருக்கிறது. முன்பெல்லாம் யு/ஏ என்றால் 12 வயதுக்குக் கீழே பெற்றோர் வழிகாட்டல் தேவை, அவ்வளவுதான். லேசான சண்டை உள்ள படமும் ரத்தம் தெறிக்கும் படமும் ஒரே முத்திரையோடு வந்தன. மூன்றாகப் பிரித்தது ரொம்ப நல்ல காரியம்.

‘ஏ’ அப்படியல்ல. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அப்பா அம்மா கூட வந்தாலும் செல்லாது. உள்ளே விட்டால் மாட்டுவது திரையிடுபவர்தான். அதனால் வயதுச் சான்று கேட்டால் ஊழியரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பதில் 2:
‘எஸ்’ சான்றிதழ் விட்டுப்போச்சு. மருத்துவர்கள் மாதிரி குறிப்பிட்ட துறையினருக்கு மட்டும் காட்டும் படம் அது.

எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். வன்முறை, பாலியல் காட்சி, வசவு, போதைப்பொருள், திகில் என எது காரணமாகவும் 16+ வரலாம். ஒரே கத்திக்குத்தைத் தூரத்தில் நிழலாகக் காட்டுவதும், காயத்தை க்ளோஸ்-அப்பில் நிறுத்திக் காட்டுவதும் ஒன்றல்ல. பயந்த சுபாவமுள்ள பிள்ளை என்றால் முதலில் டிரெய்லரைப் பாருங்கள்.

பதில் 3:
ஓடிடிக்கு இது பொருந்தாது. அங்கே 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகளின்படி தளமே வகைப்படுத்துகிறது, எண்கள் மட்டும் இதேதான். யு/ஏ 13+ முதல் பேரன்டல் லாக் வசதி தர வேண்டும், ‘ஏ’வுக்கு வயது சரிபார்ப்பும் வேண்டும். தியேட்டரில் மியூட் செய்த வசனமும் வெட்டிய காட்சியும் ஓடிடி பதிப்பில் திரும்பி வரலாம். தியேட்டரில் யு/ஏ பார்த்த படம்தானே என்று பிள்ளைகளிடம் ரிமோட்டைக் கொடுத்துவிடாதீர்கள். டிவியில் ‘ஏ’ படத்தை அப்படியே போட முடியாது, காட்சிகளை நீக்கி மறுசான்றிதழ் வாங்கித்தான் ஒளிபரப்புவார்கள்.